பேறுகாலத்துக்கு முன்பே பாலூட்டும் பாடம்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் இணையவழியில் சேர்ந்து கற்பது எப்படி?

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியருக்காகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள சிலர் சேர்ந்து இணையவழிக் கற்றல் குழு ஒன்றைத் தொடங்குகிறோம். குழந்தைக்கு எதை, எப்போது, எப்படி ஊட்டுவது என்பதுதான் பாடம். தாய்ப்பால், கறந்து வைத்த பால், பால் பவுடர், ஆறு மாதத்துக்குப் பிந்தைய இணை உணவு ஆகிய எல்லாமே அதில் வரும்.

இத்தகைய குழுக்களில் வழக்கமாக நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மருத்துவர் பேசிய காணொளி வரும், எல்லோரும் நன்றி சொல்வார்கள், அத்துடன் முடிந்துவிடும். பிறந்த மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டு அழும்போது அந்தக் காணொளி யாருக்கும் நினைவுக்கு வராது. "பால் போதவில்லை, பவுடரைக் கரைத்துக் கொடு" என்று வீட்டில் ஒருவர் சொல்வார், அதுவே நடக்கும். அறுவைக் காயத்தின் வலியும் தூக்கமின்மையுமாகக் கிடக்கும் தாயால் அந்த நேரத்தில் வாதாட முடியாது. எனவே அந்த இரவில் விழித்திருக்கப்போகிற அத்தனை பேரும் பல வாரங்களுக்கு முன்பே இதைப் பேசித் தெளிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெற்றோரே தேடி, எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும்படி வகுப்பை அமைக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? பவுடர் பாலைப் பற்றி எவ்வளவு பேசலாம்? பாட்டிமார்களை எப்படி உள்ளே அழைத்து வருவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

டீச்சர், "பால் போதவில்லை" என்கிற அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் மிகுதியாகக் காதில் விழுந்த வாக்கியம் அதுதான். பெரும்பாலான வீடுகளில் அது உண்மையாக இருந்ததில்லை. ஆனால் நம்பி நடந்ததால் உண்மையாகிப்போனது.

காரணத்தைப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது, ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லி சீம்பால் போதும். மார்பு நிறைந்து பால் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். சிசேரியன் என்றால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். இந்த இடைவெளியில்தான் பவுடர் டப்பா வீட்டுக்குள் நுழைகிறது. பவுடர் பால் குடித்த குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பைச் சப்பாது. சப்பாத மார்பில் சுரப்பு குறையும். ஒரு வாரத்தில் பால் நிஜமாகவே போதாமல் போகும். "நான் அன்றைக்கே சொன்னேனே" என்பார் சொன்னவர்.

பால் போதுமா என்பதற்கு அழுகை அளவுகோல் இல்லை. ஈரத்துக்கும் அழும், குளிருக்கும் அழும், அம்மாவின் கதகதப்புக்காகவும் அழும். பார்க்க வேண்டியவை வேறு. ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறதா? ஐந்தாறு நாள் ஆனபின் தினமும் குறைந்தது 6 முறை வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்கிறதா? முதல் சில நாட்களில் எடை சற்று இறங்குவது இயல்புதான், ஆனால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக்கூடாது, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும்.

இதைச் சொற்பொழிவாகச் சொல்லாதீர்கள். ஒரு கதையாகக் கொடுங்கள்: "சிசேரியனில் பிறந்து மூன்று நாள். எடை 2.9 கிலோவிலிருந்து 2.75 கிலோ ஆகிவிட்டது. மாலையிலிருந்து ஓயாமல் மார்பைத் தேடுகிறது. பெரியம்மா கடைக்குப் போய் டப்பா வாங்கி வரக் கிளம்புகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" பெற்றோர் தமக்குள் பேசட்டும், கணக்குப் போடட்டும். இறங்கிய எடை 5 சதவீதத்தை ஒட்டியதுதான் என்று அவர்களே கண்டுபிடித்தால் மறக்க மாட்டார்கள். கடைசியில் நான் வந்து பேசுகிறேன்.

சிப்காட் ஷிப்ட் ஊழியர், ஒரு தந்தை:

டீச்சர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தம்பதியர்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார். என் மனைவி இப்போது பண்ருட்டியில் தன் அம்மாவோடு இருக்கிறார், நான் கடலூரில் இருக்கிறேன். அந்த இரவு இரண்டு மணிக்கு அவர் பக்கத்தில் விழித்திருக்கப்போவது என் மாமியார்தான். அவர் இந்தக் குழுவில் இல்லையென்றால் நானும் மனைவியும் படித்து என்ன பயன்? ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று பேர் என்று வையுங்கள்: தாய், தந்தை, பேறுகாலம் பார்க்கப்போகிற பெரியவர். மூன்று ஊரில் இருந்தாலும் கைப்பேசி வழியாக ஒரே வகுப்பில் உட்காரலாம் அல்லவா?

தந்தைமாருக்கும் ஒரு வேலையைக் கொடுங்கள். செவிலியர் அம்மா சொன்ன சிறுநீர்க் கணக்கையும் பால் குடித்த கணக்கையும் எழுதி வைப்பது எங்கள் பொறுப்பாக இருக்கட்டும். எட்ட இருந்தாலும் கைப்பேசியில் கேட்டு எழுத முடியும். வீட்டில் யாராவது "போதவில்லை" என்றால் அந்தத் தாளைக் காட்டிப் பேசலாம்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மா:

அந்தத் தாள் யோசனை மிகச் சரி. நானும் வழிமொழிகிறேன்.

முத்தியால்பேட்டை, இரட்டையர் தாய்:

என்னுடைய இரண்டு பெண் குழந்தைகளும் குறைமாதத்தில் பிறந்தவர்கள். முதல் நாட்களில் தாய்ப்பால் வங்கியில் இருந்து வந்த பால்தான் அவர்களைக் காப்பாற்றியது. பெயர் தெரியாத அந்தத் தாய்மார்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இப்படி ஒரு வங்கி இருப்பதே இங்குள்ள பல கர்ப்பிணிகளுக்குத் தெரியாது. அதை உங்கள் பாடத்தில் கட்டாயம் சேருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் இருவருக்கும் என் பால் முழுமையாகப் போதவில்லை. எடை பார்த்து, மருத்துவர் சொல்லித்தான் பவுடர் பாலும் சேர்த்தேன். அதை எப்படிக் கலக்குவது என்று எந்தக் குழுவில் கேட்டாலும் தாய்ப்பாலின் மேன்மையைத்தான் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். மேன்மை எனக்குத் தெரியும். அந்த இரவில் எனக்குத் தேவைப்பட்டது தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பது. யாரும் சொல்லவில்லை.

பவுடர் பாலைப் பற்றிப் பேசினால் அதை ஊக்குவிப்பதாகிவிடும் என்று பயந்து அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். விட்டால், கொடுக்க வேண்டிய நிலைக்கு வரும் தாய் கடைக்காரரிடம்தான் கேட்டுக் கற்பார்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

தங்கையே, நீங்கள் கேட்டது நியாயம். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பவுடர் டப்பா மூடியிருந்தாலும் உள்ளே இருப்பது கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. அதனால்தான் ஆறிய தண்ணீரில் கலக்கக்கூடாது. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, இறக்கி அரை மணி நேரத்துக்குள், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே பவுடரைப் போட்டுக் கலக்க வேண்டும். பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கலக்கியதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். குழந்தை மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது. டப்பாவோடு வரும் கரண்டியால் தலைதட்டி அளக்க வேண்டும். சிக்கனத்துக்காகத் தண்ணீர் கூட்டினால் குழந்தை மெலியும், சத்துக்காகப் பவுடர் கூட்டினால் சிறுநீரகத்துக்குச் சுமை.

புட்டியைவிடப் பாலாடையோ (சங்கு போல மூக்கு வைத்த ஊட்டும் கிண்ணம்) சிறு கிண்ணமோ நல்லது. மூலைமுடுக்கு இல்லாததால் கழுவவும் கொதிக்கவைக்கவும் எளிது. புட்டிதான் என்றால் ரப்பரையும் கழுத்தையும் தூரிகையால் தேய்த்துக் கழுவியபின் கொதிக்கவைக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுப்பது சரியில்லை. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு.

டீச்சருக்கு ஒன்று. குழுவில் எந்த நிறுவனத்தின் டப்பா நல்லது என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்கின்றன. "இலவச ஆலோசகர்" என்று சொல்லிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால், அவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

புதுச்சேரி, கல்வியியல் விரிவுரையாளர்:

சேர்ந்து கற்பது பற்றி ஆசிரியை கேட்டதற்கு வருகிறேன். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஜிக்சா முறை இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு குழு. அந்தக் குழு அதை ஆழப் படிக்கும். பின்பு குழுக்களைக் கலைத்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒருவர் வரும்படி புதுக் குழுக்கள் சேர்க்க வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் தன் துண்டை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். யாரும் சும்மா உட்கார்ந்து கேட்க முடியாது, ஏனென்றால் அவர் துண்டு அவரைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு நான்கு துண்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன: முதல் மூன்று நாட்கள், கறந்து சேமிப்பதும் வேலைக்குத் திரும்புவதும், பவுடர் பாலின் பாதுகாப்பு, ஆறு மாதத்துக்குப் பிந்தைய உணவு. தாய் ஒரு துண்டிலும் தந்தை இன்னொன்றிலும் பாட்டி மூன்றாவதிலும் இருந்தால், வீட்டிலேயே ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆகிவிடுவார்கள். மாமியாரிடம் மருமகன் பாடம் கேட்கும் நிலை வரும்போது, "நேற்றுப் பிறந்த பிள்ளைகள் எனக்குச் சொல்ல வந்துவிட்டார்களா" என்கிற மனத்தாங்கலுக்கு இடமில்லை.

எழுதப் பழக்கமில்லாதவர்கள் குரல்பதிவாகத் தரலாம். காணொளிக் கூட்டத்தைவிட அதற்கு இணையச் செலவும் குறைவு.

முதுநகர்ப் பாட்டி (மகள் எழுதித் தருகிறாள்):

அந்த ஐயா எழுதியதை மகள் படித்துக் காட்டினாள். பாடம் சொல்லச் சொன்னால் வருவேன். உட்கார்ந்து குற்றம் கேட்கச் சொன்னால் வரமாட்டேன்.

பாட்டிமார் என்றாலே பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பவர்கள், உரைமருந்து கொடுப்பவர்கள், சங்கில் தண்ணீர் புகட்டுபவர்கள் என்று பேசுகிறார்கள். பிள்ளை பெற்றவளைப் படுக்கவைத்து, வேளைக்குச் சோறு போட்டு, வருகிறவர் போகிறவர்களைத் தள்ளி நிறுத்தி, குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கட்டிக்கொண்ட மார்புக்கு ஒத்தடம் கொடுத்ததும் நாங்கள்தான். பால்சுறாப் புட்டும் பூண்டும் வேண்டாம் என்று எந்த டாக்டராவது சொல்வாரா? அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

அம்மா, பால்சுறாவும் பூண்டும் தாராளமாகக் கொடுங்கள். பெற்ற உடம்புக்கு நல்ல புரதம் வேண்டும், கடலோரத்தில் அதைவிட என்ன கிடைக்கும்? ஆனால் பாலைச் சுரக்க வைப்பது குழந்தை அடிக்கடி சப்புவதுதான், இரவில் சப்புவதும் சேர்த்து. மீன் தாய்க்குத் தெம்பு, குழந்தையின் வாய்தான் சுரப்புக்கு வழி. "பத்தியம்" என்று காய்கறியையும் தண்ணீரையும் குறைப்பது மட்டும் வேண்டாம்.

சேனை விஷயத்தில் உங்களிடம் நேராகவே சொல்கிறேன். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே நாக்கில் தொட்டு வைக்கும் அளவுகூட வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான், கத்திரி வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு போன்ற மருந்துகளும் மட்டும் போதும். உரைமருந்தும் கிரைப் வாட்டரும் வேண்டாம்.

ஒத்தடம் கொடுக்கும் பக்குவத்தையும், புதுத் தாய்க்குக் குழந்தையை எப்படி மடியில் ஏந்தக் கொடுப்பது என்பதையும் நீங்கள் வந்து சொல்லுங்கள். எனக்கு அடுத்த பேச்சாளர் நீங்கள்தான்.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் போகும் அம்மா:

வேலைக்குத் திரும்பும் துண்டு எனக்கு. சட்டப்படி தகுதியுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 2017 திருத்தத்துக்கு முன் 12 வாரம்தான் இருந்தது. திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை ஓய்வு இடைவேளை தவிர, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும். தனியார் நிறுவனங்களில் இதைக் கேட்கவே பலர் தயங்குகிறார்கள். நிர்வாகத்துக்குத் தரும் விண்ணப்பத்தின் வாசகத்தையும் நாம் சேர்ந்தே எழுதி வைத்தால் நல்லது.

கறந்த பாலைப் பற்றி: 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் 4 மணி நேரம் இருக்கும் என்கிறார்கள். நம் ஊரில் அந்த வெப்பநிலை மார்கழியில் கிடைத்தால் உண்டு. ஆகவே கறந்த உடனே குளிர்பதனப் பெட்டிக்குள், கதவில் இல்லாமல் உள்புறமாக வைத்துவிடுங்கள். அங்கே 4 நாள் வரை இருக்கும். மின்தடை அடிக்கடி வரும் பகுதியென்றால் அவ்வளவு நாள் நம்ப வேண்டாம். அடுப்பில் சுடவைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்ற வேண்டும். பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு 2015இல் திறந்தது. உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள், கேட்கக் கேட்கத்தான் அது திறந்திருக்கும்.

தேவனாம்பட்டினம், இரண்டு குழந்தைகளின் தாய் (குரல்பதிவிலிருந்து எழுதியது):

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நெஞ்சு படபடக்கும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் எல்லாம் இந்தக் கரை பார்த்தது. முகாமுக்குப் போனால் நல்ல மனத்தோடு பால் பவுடர் கொண்டுவந்து எல்லாக் கைக்குழந்தைத் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள். கொதிக்கவைக்க அடுப்பு இல்லை, தண்ணீர் கலங்கல், புட்டியைக் கழுவ இடமில்லை. அப்படிக் கலக்கிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வராமல் என்ன செய்யும்? பயத்தில் பால் வற்றிவிட்டது என்று எங்கள் பெண்களும் நம்பிவிடுகிறார்கள்.

முகாமில் தாய்ப்பால் கொடுப்பவளுக்கு ஒரு திரை மறைவும் நல்ல சாப்பாடும் குடிதண்ணீரும் கொடுங்கள். பவுடர் ஏற்கெனவே குடிக்கும் குழந்தைக்கு மட்டும் சுடுதண்ணீரோடு பவுடர் கொடுங்கள். இதையும் ஒரு பாடமாக வையுங்கள், மழைக்கு முன்பே.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

இந்தத் தங்கை சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பயத்தால் பால் வற்றிப்போவதில்லை, இறங்குவது சற்று நேரம் தடைபடும், அவ்வளவுதான். குழந்தையை மார்போடு தோல் படும்படி அணைத்துத் தொடர்ந்து சப்பக் கொடுத்தால் மீண்டும் இறங்கும். ஐந்தாவது துண்டாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

குழந்தைநல மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவி:

முயற்சியை மதிக்கிறேன், ஆனால் ஒரு கவலை இருக்கிறது. பெற்றோர் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ஒரு தவறான தகவல் நுழைந்தால் அது அனுபவத்தின் உடையில் வரும், எளிதில் நம்பப்படும். எனவே பெற்றோர் எழுதும் எந்தக் குறிப்பும் செவிலியரோ மருத்துவரோ படித்துச் சரிபார்த்த பிறகே பொதுவில் போக வேண்டும். சரிபார்த்தவர் யார், எந்தத் தேதியில் என்பதும் அதன் கீழே இருக்கட்டும்.

இன்னொன்று, குழுவில் விவாதிக்கவே கூடாத சிலவற்றை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறந்து இரண்டு மாதத்துக்குள் குழந்தை பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், வலிப்பு, நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், உடல்சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போதல், உடல் சில்லிட்டுப்போதல், பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காணுதல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல். இவற்றில் எது இருந்தாலும் கேள்வி தட்டச்சு செய்யாமல் 108ஐ அழைக்க வேண்டும் அல்லது நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழுவில் யார் இப்படி எழுதினாலும், பார்க்கும் முதல் ஆள் சொல்ல வேண்டிய பதில் "உடனே கிளம்புங்கள்" என்பது மட்டும்தான்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. என் திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

சேர்க்கை மூன்று பேர் கொண்ட குடும்பமாக இருக்கும், ஏழாம் மாதத்திலேயே, வளைகாப்புக்கு முன். மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம் தகவல் சொல்ல எங்கள் பகுதிச் செவிலியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். துண்டுகள் ஐந்து. முதல் சந்திப்பில் செவிலியர் அம்மாவின் 2.75 கிலோ கதை. பவுடர் பால் பக்கம் வெறுமையாக இருக்காது, அதை எழுதும் குழுவுக்கு முத்தியால்பேட்டைச் சகோதரியைத் தலைமை ஏற்கக் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனப் பெயர் எதுவும் வராது. ஆபத்து அறிகுறிகள் குழுவின் முகப்பிலேயே நிற்கும்.

இணை உணவுத் துண்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதில் எனக்குள்ள கருத்து ஒன்றுதான்: ஆறு மாதம் முடிந்ததும் கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவு குழைந்த, கெட்டியான உணவு வேண்டும். பருப்பு வடித்த தண்ணீரும் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. முளைகட்டிய கேழ்வரகு, பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், அங்கன்வாடிச் சத்துமாவு என்று நம் சமையலறையில் இருப்பதை வைத்தே ஒவ்வொரு குடும்பமும் ஒரு செய்முறையை எழுதித் தரட்டும். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் அதோடு தொடரலாம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம்.

சிப்காட் ஷிப்ட் ஊழியர், ஒரு தந்தை:

மாமியாரிடம் பேசிவிட்டேன், சேர்கிறார். கேழ்வரகுத் துண்டு வேண்டும் என்று கேட்கிறார். சந்திப்பு எந்த நேரம்? இரவுப் பணி வாரத்தில் எனக்கு மாலை ஆறு மணி வசதிப்படாது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

ஞாயிறு காலை பதினொரு மணி, ஒரு மணி நேரம் மட்டும். வரமுடியாதவர்களுக்கு அன்று மாலையே குரல்பதிவு வரும், கேட்டுவிட்டுத் தங்கள் கேள்வியைப் புதன்கிழமைக்குள் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். உங்கள் மாமியார் பெயரைக் கேழ்வரகுக் குழுவில் சேர்த்துவிட்டேன். உங்களுக்குக் கறந்து சேமிக்கும் துண்டு, உங்கள் மனைவிக்கு முதல் மூன்று நாட்கள்.